திருவுளச்சீட்டும் ஒரு குளிசையும்

தம்பலகாமத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்கள் சூழ்ந்த வீடு. மூத்த மகனுக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை. பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு அவனுடைய பேச்சு குறைந்தது. இரவில் நித்திரை இல்லை. அடுத்த வளவுக்காரர் தன்னைக் கொல்லத் திட்டம் போடுவது காதில் விழுகிறது என்றான். வானொலிச் செய்தி தனக்காகவே வாசிக்கப்படுகிறது என்றான். குளிப்பும் சாப்பாடும் மறந்துபோயின.

வீட்டார் சும்மா இருக்கவில்லை. தாய் ஆதி கோணேஸ்வரத்தில் நேர்த்தி வைத்தார். பெரியப்பா ஒரு பரிகாரியிடம் கூட்டிச்சென்று நூல் கட்டுவித்தார். மாமா திருகோணமலைக்கு பஸ் ஏற்றிப்போய் மனநல கிளினிக்கில் காட்டிக் குளிசை வாங்கிக் கொடுத்தார். மூன்றும் ஒரே மாதத்துக்குள் நடந்தன. வெட்டுக்காலம் வந்தபோது பிள்ளை தெளிந்து தகப்பனோடு வயலுக்குப் போகத் தொடங்கினான்.

அவனைத் தேற்றியது எது? "கோணேசர் கைவிடேல்லை" என்கிறார் தாய். நூல்தான் என்கிறார் பெரியப்பா. குளிசைதான் என்கிறார் மாமா. மூவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். மூவருடைய சாட்சியும் ஒரே எடை உடையது.

நாலாவது விடை ஒன்றும் உண்டு. எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் அவன் அந்த மாசியில் தேறியிருக்கலாம். இந்த நாலில் எது சரி என்பதை அந்த ஒரு பிள்ளையை மட்டும் பார்த்து உலகத்தின் எந்தப் பேராசிரியராலும் சொல்ல முடியாது. பின்னே, குளிசை வேலை செய்கிறது என்று வைத்தியர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? அந்த அறிவு எங்கிருந்து வந்தது? நோயாளிகள் சிலர் தாமாக முன்வந்து ஒரு சீட்டுக்குலுக்கலுக்கு உடன்பட்டதிலிருந்து வந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரை விளக்கப் போகிறது.

பெயரும் நோயும்

அந்தப் பிள்ளைக்கு வந்ததைப் போன்ற நோயை ஸ்கிசோஃப்ரினியா என்கிறார்கள். சுவிட்சர்லாந்து மனநல வைத்தியர் ஆய்கன் புளூலர் 1908இல் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் 'பிளந்த மனம்' என்று பொருள். அதை அப்படியே தமிழாக்கி உளப்பிளவு என்றும் சொல்வதுண்டு. அந்தச் சொல்லால் ஒரு தவறான எண்ணம் பரவிவிட்டது. ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறுவதுதான் இந்த நோய் என்று சினிமாவைப் பார்த்து நம்புகிறவர்கள் அதிகம். அப்படி இல்லை. எண்ணம், உணர்வு, புலன் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும் கயிறு தளர்வதுதான் இங்கே நடக்கிறது. அதனால் மனச்சிதைவு என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். 'விசர்' என்ற சொல்லை இந்த இடத்தோடு விட்டுவிடுவோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்த நோயோடு வாழ்கிறார். இல்லாத குரல் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகம் வேரூன்றுவது ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள். ஆர்வம் வற்றிப்போவது, முகத்தில் உணர்ச்சி மங்குவது, கவனமும் நினைவும் தடுமாறுவது ஆகியவை வெளியே அவ்வளவாகத் தெரியாதவை. வீட்டார் 'சோம்பேறி' என்று ஏசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை அறிகுறிகளைத்தான்.

நமது புதிருக்கு முக்கியமானது நோயின் போக்கு. அது நேர்கோட்டில் போவதில்லை. ஏறும், இறங்கும், சிலருக்கு ஒருமுறை வந்து நீண்ட காலம் அடங்கிவிடும். நான்சி வாக்ஸ்லர் என்ற ஆய்வாளர் இலங்கையில் முதன்முறையாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட மனச்சிதைவு நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிடப் பலர் நல்ல நிலையில், குடும்பத்தோடும் தொழிலோடும் இருந்தார்கள். 1979இல் அவர் வெளியிட்ட அந்த ஆய்வு, தொழில்மயமாகாத நாடுகளில் இந்த நோயின் முடிவு மேலைநாடுகளைவிட நன்றாக இருக்கிறதா என்ற பெரிய விவாதத்தின் ஒரு தூணாக இன்றும் பேசப்படுகிறது.

தானாக ஏறி இறங்கும் நோயில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நாம் எப்போது வைத்தியம் தேடுகிறோம்? நோய் உச்சத்தில் நிற்கும்போது. உச்சத்துக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான். மாரி வெள்ளம் வரம்பை மூடி நிற்கும் அன்று எதைச் செய்தாலும் மூன்று நாளில் தண்ணீர் வடியத்தான் போகிறது. அன்று செய்தது எதுவோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்.

கண்ணால் கண்டதும் பொய்த்த கதை

இந்தப் பொறியில் கிராமத்தவர் மட்டும் விழுவதில்லை. உலகின் பெரிய ஆஸ்பத்திரிகளே விழுந்திருக்கின்றன.

1930களில் வியன்னாவில் மன்ஃபிரட் சேக்கல் என்ற வைத்தியர் மனச்சிதைவு நோயாளிகளுக்கு அளவுக்கதிகமாக இன்சுலின் ஏற்றி, இரத்தத்தில் சர்க்கரையைத் தாழ்த்தி, அவர்களை ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோனார். பிறகு சர்க்கரை கொடுத்து எழுப்பினார். இப்படி வாரக்கணக்கில் தினமும் நடந்தது. நோயாளிகள் தெளிவடைகிறார்கள் என்று அவர் அறிவித்ததும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்த முறையை ஏற்றுக்கொண்டன. தனிப் பிரிவுகள் கட்டினார்கள், தாதிமாருக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். மயக்கத்திலிருந்து மீளாமல் இறந்தவர்களும் உண்டு. ஆனாலும் தேறியவர்களை வைத்தியர்கள் தம் கண்ணால் கண்டார்கள். அதனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது நீடித்தது.

1953இல் ஹரோல்ட் போர்ன் என்ற இளம் வைத்தியர் இது ஒரு கட்டுக்கதை என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். மூத்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். 1957இல் அக்னர், ஹாரிஸ், ஓல்டம் ஆகிய மூவர் லண்டனில் அதைச் சோதித்தார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினரை இன்சுலினால் மயக்கினார்கள், மற்றப் பகுதியினரைப் பார்பிட்டுரேட் என்ற தூக்க மருந்தால் மயக்கினார்கள். கவனிப்பும் தாதியரும் அன்றாட நடைமுறையும் இரு பக்கமும் ஒன்றே. முடிவில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. இன்சுலினுக்கென்று தனிச் சக்தி எதுவும் இருக்கவில்லை. நோயாளிகளைத் தேற்றியது நாள்முழுதும் பக்கத்திலிருந்து கவனித்த மனிதர்களாக இருக்கலாம், நோயின் இயல்பான இறக்கமாக இருக்கலாம்.

இருபது ஆண்டு அனுபவத்தால் சொல்ல முடியாததை ஒரே ஒரு ஒப்பீடு சொல்லிவிட்டது.

வயலில் பிறந்த முறை

ஒப்பிடுவது எப்படி என்பதைத் தம்பலகாமத்து வயல்காரருக்கு விளக்கத் தேவையில்லை. இந்த முறையே வயலில் பிறந்ததுதான்.

ஒரு புதுப் பசளை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நல்லதா என்று பார்க்க வேண்டும். வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயலுக்குப் புதுப் பசளையும் கடைசி வயலுக்குப் பழைய பசளையும் போட்டால் என்ன ஆகும்? தலைப்பு வயலுக்கு எப்படியும் தண்ணீர் முதலில் பாயும், விளைச்சல் கூடும். அதைப் பசளையின் வெற்றி என்று எண்ணிவிடுவோம். சரி, நல்ல வயலையும் சுமாரான வயலையும் நாமே பார்த்துப் பிரித்துவிடலாமே என்றால், புதுப் பசளையில் ஆசை வைத்தவர் தன்னை அறியாமலே நல்ல மண்ணை அதற்கு ஒதுக்குவார்.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919 முதல் வேலை செய்த ரொனால்ட் ஃபிஷர் இதற்கு ஒரு வழி சொன்னார். நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரியுங்கள். எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதை மனிதர் தீர்மானிக்க வேண்டாம், சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். அப்போது நமக்குத் தெரிந்த வேறுபாடுகள் மட்டுமல்ல, தெரியாத வேறுபாடுகளும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும். மண்ணின் சாரமும் நிழலும் எலி வளையும் எல்லாம் அதில் அடங்கும். பிறகு விளைச்சலில் வித்தியாசம் வந்தால் அதைப் பசளையின் தலையில் நம்பிக் கட்டலாம்.

நம்மவர்களுக்கு இது புதிய எண்ணம் அல்ல. மனிதரின் விருப்பு வெறுப்பு நுழையக் கூடாத முடிவென்றால் சந்நிதியில் திருவுளச்சீட்டுப் போடுவது நம் வழக்கம். நம் பாடப் புத்தகங்களில் இதற்கு எழுமாற்று என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆட்களை இப்படிப் பிரிப்பதை எழுமாற்று ஒதுக்கீடு எனலாம். 1947இல் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் சோதித்தபோது, யாருக்கு மருந்து என்பது முத்திரையிட்ட கடித உறைக்குள் இருந்தது. உறையைத் திறக்கும்வரை வைத்தியருக்கும் தெரியாது. வயலின் முறை ஆஸ்பத்திரிக்குள் முறையாகக் காலடி வைத்த பொழுது அது.

சீட்டு மட்டும் போதாது. எனக்குப் புது மருந்து கிடைத்திருக்கிறது என்று தெரிந்தாலே மனம் தெம்பாகும். கொடுத்த வைத்தியருக்குத் தெரிந்தாலும் அவர் கண் தேற்றத்தைத் தேடும். அதனால் ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே நிறம், அதே வடிவத்தில் மருந்தில்லாத குளிசை தரப்படும். இதை வெற்றுக் குளிசை எனலாம். பிளாசிபோ என்று நாம் கேள்விப்படுவது இதுவே. யார் எதை விழுங்குகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரை அளப்பவருக்கும் தெரியாது. இது இருபுற மறைப்பு.

காய்ச்சல் என்றால் வெப்பமானி உண்டு. மனச்சிதைவை எதனால் அளப்பது? 1987இல் உருவான பான்ஸ் என்ற அளவுகோல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. குரல் கேட்பது, சந்தேகம், உணர்ச்சி மங்கல், பதற்றம் என்று 30 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடு உட்கார்ந்து பேசிப் புள்ளியிடுவார். மொத்தம் 30க்கும் 210க்கும் இடையில் வரும், குறையக் குறைய நல்லது. மழைமானி போல இது துல்லியமானது அல்ல. ஆனால் பல ஊர்களில் பலர் அளந்தாலும் ஒரே மொழியில் பேச வைக்கிறது.

சோதனை கொடுத்த பதில்கள்

1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் ஆஸ்பத்திரியில் ழான் டிலே, பியர் டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசீன் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கத்திக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள், பேசாதிருந்தவர்கள் பேசினார்கள். இன்சுலின் மயக்கத்தையும் இதே போலத்தான் கொண்டாடினார்கள். ஆகவே இந்த மருந்தும் சோதனைக்கு வந்தது. அமெரிக்காவின் ஒன்பது ஆஸ்பத்திரிகளில் நடந்து 1964இல் வெளியான ஆறு வார ஆய்வில், குளோர்புரோமசீனையும் அந்த வகை மருந்துகளையும் பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் நன்கு தேறினார்கள். வெற்றுக் குளிசை பெற்றவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேரும் தேறினார்கள்.

இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். மருந்தே இல்லாமல் நாலில் ஒருவர் தேறியிருக்கிறார். தாயின் நேர்த்தியும் பெரியப்பாவின் நூலும் பொய்ச் சாட்சி சொல்லவில்லை என்பது இதிலிருந்து புரியும். அந்த நாலில் ஒருவரை அவர்கள் உண்மையாகவே கண்டிருக்கலாம். குளிசையின் பங்கு என்பது கால்வாசிக்கும் முக்கால்வாசிக்கும் இடையில் உள்ள தூரம். ஒப்பீடு இல்லாமல் அந்தத் தூரத்தை யாராலும் அளக்க முடியாது.

அடுத்த கதை குளோசபின். பின்லாந்தில் 1975இல் இந்த மருந்தை உட்கொண்ட சிலருக்கு வெள்ளை அணுக்கள் சடுதியாகக் குறைந்து உயிர் போனது. பல நாடுகள் அதை ஒதுக்கிவைத்தன. ஆனாலும் வேறெதற்கும் அசையாத நோயை அது அசைக்கிறது என்று சில வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். 1988இல் ஜோன் கேன் குழுவினர் பழைய மருந்துகள் எதிலும் குணமாகாத 268 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். குளோர்புரோமசீன் பெற்றவர்களில் 4 விழுக்காட்டினர் தேறினார்கள், குளோசபின் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர். இன்று குளோசபின் குடிப்பவர்கள் கிளினிக்கில் இரத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டியிருப்பது பின்லாந்தில் இறந்தவர்களால். அந்த மருந்தே அவர்கள் கைக்கு வந்திருப்பது அந்த 268 பேரால்.

இன்னொரு எண்ணை இந்த நோயுள்ள ஒவ்வொரு வீட்டாரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 65 ஆய்வுகளை, 6,493 நோயாளிகளை ஒன்றாகத் தொகுத்து 2012இல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கு அது. தேறிய பிறகு மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 விழுக்காட்டினருக்கு. மருந்திலிருந்து வெற்றுக் குளிசைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கு. 'சுகம் வந்துவிட்டதே, இனி ஏன் குளிசை?' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

வக்கடை அடைத்த மருந்து

குளோர்புரோமசீனுக்குப் பிறகு எழுபது ஆண்டுகளாக வந்த மருந்துகள் எல்லாம் மூளையில் டோபமைன் என்ற இரசாயனத் தூதுவரின் வாசலை ஏதோ ஒரு விதத்தில் மறித்தே வேலை செய்தன. குரலும் சந்தேகமும் அடங்கும். ஆனால் கை நடுக்கம், உடல் இறுக்கம், எடைகூடல், சர்க்கரை என்று பக்கவிளைவுகளும் சேர்ந்து வரும்.

2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து வேறு வாசலைத் தட்டுகிறது. அதில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று சனோமெலின். அசற்றைல்கோலின் என்ற வேறொரு தூதுவர் தட்டும் மஸ்கரினிக் வாசல்களை அது தூண்டுகிறது. 1990களில் அதை மறதிநோய்க்குச் சோதித்தபோது நோயாளிகளின் இல்லாத குரல்களும் சந்தேகங்களும் குறைந்ததைக் கண்டார்கள். ஆனால் அதே வாசல்கள் வயிற்றிலும் குடலிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் இருக்கின்றன. குமட்டலும் வயிற்றுப்போக்கும் தாங்காமல் பலர் ஆய்விலிருந்து விலகினார்கள். மருந்து கிடப்பில் போனது.

வயல்காரருக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. தூரத்து வயலுக்குத் தண்ணீர் விட வேண்டும், ஆனால் வழியிலுள்ள வயல்கள் மூழ்கக் கூடாது. என்ன செய்வோம்? மதகைத் திறந்து, வழியில் உள்ள வக்கடைகளை அடைப்போம். மருந்திலும் அதையே செய்தார்கள். கலவையின் இரண்டாவது பொருளான டுரோஸ்பியம், சிறுநீர்ப்பைக் கோளாறுக்கு முன்பே புழக்கத்தில் இருந்த பழைய மருந்து. அது மஸ்கரினிக் வாசல்களை அடைக்கும். ஆனால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்டதையும் விடாத இயற்கைத் தடுப்பைக் கடந்து அதனால் உள்ளே போக முடியாது. எனவே உடலில் உள்ள வாசல்களை மட்டும் அது அடைக்கிறது, மூளைக்குள் சனோமெலின் தன் வேலையைச் செய்கிறது.

இந்தக் கலவையின் முக்கியமான ஆய்வொன்றில் 252 பேர் பங்கேற்றார்கள். ஐந்து வாரத்தில் மருந்துக் குழுவின் பான்ஸ் புள்ளி சராசரியாக 21.2 குறைந்தது, வெற்றுக் குளிசைக் குழுவுக்கு 11.6 குறைந்தது. மருந்தின் பங்கு இடையில் உள்ள 9.6. நல்ல வெற்றிதான். ஆனால் வெற்றுக் குளிசையோடு ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் அன்பாகக் கவனிக்கப்பட்டவர்களும் கணிசமாகத் தேறியிருப்பதை மறந்துவிடக் கூடாது.

2024 நவம்பரில், அதே வாசல்களில் ஒன்றைக் குறிவைத்த எம்ராக்லிடின் என்ற மருந்து இரண்டு ஆய்வுகளிலும் வெற்றுக் குளிசையை வெல்லவில்லை. அதை உருவாக்கிய நிறுவனத்தை ஏறத்தாழ 870 கோடி டொலர் கொடுத்து வாங்கியிருந்தது அமெரிக்காவின் ஆப்வீ. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் உழைப்பு வீண்போனதா? இல்லை. உதவாத ஒரு மருந்து நம் வீடுகளுக்கு வந்து சேராமல் தடுத்தவர்கள் அவர்கள்.

சம்மதம் என்பது கையெழுத்தா?

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். எண்ணமே குழம்பியிருக்கும் ஒருவரால் 'நான் சம்மதிக்கிறேன்' என்று உண்மையாகச் சொல்ல முடியுமா?

இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் வில்லியம் கார்பெண்டர் குழுவினர் மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் நோயற்றவர்களுக்கும் ஓர் ஆய்வைப் பற்றி விளக்கிவிட்டு, எவ்வளவு புரிந்தது என்று கேள்வி கேட்டார்கள். முதல்முறை நோயாளிகளில் பலர் பின்தங்கினார்கள். பின்தங்கியவர்களுக்குப் பொறுமையாக, திரும்பத் திரும்ப, வேறு வேறு விதமாக விளக்கினார்கள். பிறகு அவர்களின் புரிதல் நோயற்றவர்களோடு ஒப்பிடக்கூடிய நிலைக்கு வந்தது. நோயின் பெயரை வைத்து 'இவருக்கு விளங்காது' என்று முடிவுகட்டக் கூடாது என்பதே இதன் பாடம். விளக்கியவரின் பொறுமை போதவில்லை என்பதுதான் பல நேரங்களில் உண்மை.

மறுபக்கமும் இருக்கிறது. 2004இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் மனச்சிதைவு மருந்தாய்வு ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்த ஓர் இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆய்வில் கையெழுத்திட்ட காலத்தில் அவர் நீதிமன்ற உத்தரவின் கீழ் இருந்தார். வைத்தியர் சொல்வதைக் கேட்காவிட்டால் கட்டாயமாக ஆஸ்பத்திரியில் அடைக்கப்படும் நிலை. மகனின் நிலை மோசமாகிறது என்று தாய் பலமுறை எச்சரித்தார். அவர் குரல் ஏறவில்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2015இல் அந்த மாநிலத்தின் சட்டமன்றத் தணிக்கையாளர் கடுமையான அறிக்கை வெளியிட்ட பிறகே பல்கலைக்கழகம் மனநல மருந்தாய்வுகளுக்குப் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவைத்தது. அச்சத்தில் இட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. கையெழுத்து இருந்தாலும் தாயின் குரலைக் கேட்கும் கடமை தீர்ந்துவிடாது.

நம் கடற்கரைக்கும் இந்தப் பாடம் தெரியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் துயரத்தில் இருந்த மக்களிடம் கேள்விக்கொத்தோடு வந்தவர்கள் பலர். ஆய்வு எது, உதவி எது என்று பிரித்தறிய முடியாத நிலையில் மக்கள் இருந்தார்கள். இலங்கை வைத்தியர்களான அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இல் லான்செட்டில் இதைப் பற்றி எழுதி, பேரிடர்க் காலத்திலும் ஆய்வு நெறி தளரக் கூடாது என்று குரல் கொடுத்தார்கள்.

மனிதரிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் பிறந்தது. 2024 ஒக்டோபரில் திருத்தியபோது அதில் ஒரு சொல்லை மாற்றினார்கள். ஆய்வுக்கு 'உட்படுத்தப்படுபவர்' என்ற பொருளில் இருந்த சொல் போய், 'பங்கேற்பவர்' என்ற சொல் வந்தது. ஆய்வில் சேரும் மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்பது முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

திருப்போரூரில் ஒரு சோதனை

புதிய சிகிச்சை என்றால் புதிய குளிசை என்றே நினைக்கிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. தமிழ் மண்ணில் நடந்த மிக நல்ல எடுத்துக்காட்டே குளிசையைப் பற்றியது அல்ல.

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், கோவாவையும் மகாராட்டிரத்தின் சதாராவையும் சேர்ந்தவர்களோடு இணைந்து ஓர் ஆய்வு நடத்தியது. தமிழ்நாட்டில் அதன் களம் அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்போரூர்ப் பகுதி, அதாவது கிராமப்புறம். கேள்வி எளிமையானது. கிளினிக்குக்கு வந்து மருந்து வாங்குவது மட்டும் போதுமா? அல்லது ஊரைச் சேர்ந்த ஒருவர் பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்கே போய் மருந்து, நோய் பற்றிய விளக்கம், குடும்பத்தின் சுமை, தொழில் தேடல் எல்லாவற்றிலும் துணை நின்றால் கூடுதல் பயன் உண்டா? அந்த ஊழியர்கள் வைத்தியர்கள் அல்ல, ஓரளவு படித்த உள்ளூர்க்காரர்கள்.

282 நோயாளிகள் இணைந்தார்கள். எழுமாற்று ஒதுக்கீட்டில் 187 பேருக்கு வீட்டுத் துணையும் கிளினிக்கும், 95 பேருக்குக் கிளினிக் மட்டும். ஓராண்டின் முடிவில் யார் எந்தக் குழு என்று அறியாதவர்கள் அளந்தார்கள். வீட்டுத் துணை கிடைத்தவர்களின் அறிகுறியும் இயலாமையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன. மொத்தத்தில் அந்த வேறுபாடு சிறியது. ஆனால் மூன்று இடங்களில் தமிழ்நாட்டுக் களத்தில்தான் அது பெரிதாக இருந்தது. 2014இல் லான்செட் இதை வெளியிட்டது. சமூகத்தின் ஒதுக்கலும் இழிவும் குறைந்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். நல்ல ஆய்வின் அடையாளம் அது.

மனநல வைத்தியர்கள் குறைவாகவும் கிராமங்கள் பரந்தும் கிடக்கும் திருகோணமலை போன்ற மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு எது? ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் தங்கிய அமெரிக்கர்களிடம் சோதித்த குளிசை, சோறே பிரதான உணவான, குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வரும் நம் உடலில் எப்படி வேலை செய்யும் என்பது நம்மவரும் பங்கேற்றால்தான் தெரியும். யாரோ ஒருவரின் உடல் தந்த விடையையே நாம் என்றும் கடன் வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் வீட்டில் ஒருவரை ஆய்வில் சேர அழைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவசரமாக ஒப்பவும் வேண்டாம். பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்து, தமிழில் வாசித்து, கூடிப் பேசுங்கள். பிறகு கேளுங்கள். எந்த நெறிமுறைக் குழு இதற்கு அனுமதி தந்தது? புதிய மருந்தென்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி உண்டா? 2006 முதல் இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இது பதிவாகியிருக்கிறதா? வெற்றுக் குளிசை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, அப்போது நிலை மோசமானால் யார், எவ்வளவு விரைவில் பார்ப்பார்? நடுவில் விலகினால் வழமையான சிகிச்சைக்குக் குறைவு வருமா? உடலுக்குக் கேடு நேர்ந்தால் செலவு யாருடையது? ஆய்வு முடிந்தபின் மருந்து பயன் தந்தால் அது தொடர்ந்து கிடைக்குமா?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை சொல்பவர் நல்ல ஆய்வாளர். சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மறுப்பதும் உங்கள் உரிமை. அதற்காக எந்தக் கிளினிக்கும் உங்களைத் தண்டிக்கக் கூடாது. எந்த நிலையிலும் இப்போது குடிக்கும் குளிசையை வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தம்பலகாமத்து அந்தப் பிள்ளையைத் தேற்றியது எது என்ற புதிருக்கு விடை கிடைக்காது. ஒரு தனிப் பிள்ளைக்கு அந்த விடை என்றும் கிடைக்காது. ஆனால் அவனுக்குப் பின் அதே நோயோடு வரப்போகும் நூறு பிள்ளைகளுக்கு எது உதவும் என்று அறிய முடியும். அதற்கு அவனைப் போன்ற சிலர், விளங்கி, விரும்பி, சீட்டுக்குலுக்கலுக்கு உடன்பட வேண்டும். நாம் இன்று நம்பி விழுங்கும் ஒவ்வொரு குளிசைக்கும் பின்னால் அப்படி உடன்பட்ட, பெயர் தெரியாத மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.